ஓடும் வீட்டுக்கு நிற்கும் வீட்டின் கம்பி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இந்தியானா மாநிலத்தின் வடகோடியில், மிச்சிகன் எல்லையை ஒட்டினாற்போல் எல்க்கார்ட் என்றொரு மாவட்டம் இருக்கிறது. சக்கரத்தின்மேல் வீட்டைக் கட்டி விற்பது அந்த வட்டாரத்தின் குலத்தொழில் என்றே சொல்லலாம். ஆர்.வி. என்று அந்நாட்டார் சுருக்கமாக அழைக்கும் உல்லாசப் பிரயாண வண்டிகளில், அதாவது சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நம்மவர்கள் பார்த்திருக்கக்கூடிய கேரவன்களின் வம்சத்தைச் சேர்ந்த நடமாடும் இல்லங்களில், பத்துக்கு எட்டு இந்தியானாவில் உற்பத்தியாகின்றன. அவற்றிலும் பெரும்பங்கு எல்க்கார்ட்டுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உரியது. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, ஏர்கண்டிஷனர் ஆகிய சகல சௌகரியங்களும் பொருந்திய இவ்வண்டிகளில் சில தாமே ஓடுபவை. மற்றவை இன்னொரு வாகனத்தின் பின்னால் கட்டி இழுக்கப்படுபவை. கண்ணுக்குத் தெரிகிற பாகமெல்லாம் அழகாகவே இருக்கிறது. சுவருக்குப் பின்னால் ஓடும் மின்சாரக் கம்பிகளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தத் தொழிலைப் போல் ஏறி இறங்கும் தொழில் வேறொன்றைக் காண்பது அரிது. 2009-ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின்போது, பராக் ஒபாமா ஜனாதிபதியாகப் பதவியேற்ற மறுமாதமே எல்க்கார்ட்டுக்கு நேரில் வந்து மக்களைச் சந்திக்க வேண்டிய அளவுக்கு அங்கே வேலையின்மை தலைவிரித்தாடியது. அதே ஊர், விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் அஞ்சிய ஜனங்கள் சொந்த வண்டியில் புறப்பட விரும்பிய கொரோனாக் காலத்தில், ஆள் கிடைக்காமல் திண்டாடியது. 2021-இல் அந்நாட்டு ஆலைகளிலிருந்து 6,00,240 வண்டிகள் வெளியேறின. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அத்தனை வண்டிகள் வெளியேறியதில்லை. 2023-இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3,13,000-ஆகச் சரிந்துவிட்டது. இப்படிப்பட்ட தொழிலில், வேலை இருக்கும்போதே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்று தொழிலாளியும், ஆர்டர் இருக்கும்போதே வண்டியைத் தள்ளிவிட வேண்டும் என்று முதலாளியும் அவசரப்படுவது மனித சுபாவம். கூலியோ பல ஆலைகளில் மணிக்கணக்கில் அல்லாமல் வண்டிக்கணக்கில் நிர்ணயிக்கப்படுகிறது. அன்றைக்கு முடிக்க வேண்டிய எண்ணிக்கை விடியற்காலையில் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடிந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஒரு திருகாணியை இன்னும் அரைச் சுற்று இறுக்குவதற்கு நின்றவன், தன் குழுவினர் அனைவருடைய கூலிக்கும் குறுக்கே நிற்பவனாகிறான்.

அந்த ஆலைகளில் ஆமிஷ் சமயத்தவர் கணிசமான தொகையினர் வேலை செய்கிறார்கள். ஊர் மின்சாரத்தை வீட்டுக்குள் இழுக்கக் கூடாது என்பது அவர்களுடைய சபையின் கட்டுப்பாடு. மின்சாரமில்லாத வீட்டிலிருந்து வந்தவன் மின்சார வீட்டைக் கட்டுகிறானே என்று இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். அவர்களுடைய தச்சுவேலையின் நேர்த்தி உலகறிந்தது. நேர்த்தியான கையையும் ஓட்டமாய் ஓட வைத்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

வண்டிக்குள் இரண்டு வகை மின்சாரம் ஓடுகிறது. விளக்கு, தண்ணீர்ப் பம்பு, விசிறி முதலியவை பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. ஏர்கண்டிஷனர், மைக்ரோவேவ் அடுப்பு, சுவர்ப் பிளக்குகள் ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து கேபிள் மூலம் வரும் 120 வோல்ட் தேவை. நம் நாட்டில் 230 என்றால் அவர்களுக்கு அது 120. இரண்டுக்கும் நடுவே கன்வர்ட்டர் என்னும் கருவி 120 வோல்ட்டை 12 ஆக்கிப் பேட்டரியை நிரப்புகிறது. இவ்வளவு ஏற்பாடும் பள்ளத்திலும் மேட்டிலும் குலுங்கிக்கொண்டே மணிக்கு அறுபது மைல் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட வேண்டும் என்பதை வாசகர்கள் மறந்துவிடலாகாது. கட்டுகிறவர்கள் மறந்துவிட்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

நண்பர் ஒருவருடைய இழுவை வண்டியில், படுக்கையின் பக்கத்துப் பிளக்கொன்று அடிக்கடி உயிரிழந்துகொண்டிருந்தது. அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது திருகாணியே காணப்படவில்லை. கேபிளைப் பிளக்கின் முதுகில் வைத்து, ஒரு கருவியால் அழுத்தி, மேலே மூடியை ‘டப்’பென்று பூட்டிவிடுகிறார்கள், உள்ளே இருக்கும் சிறு தகட்டுப் பற்கள் கம்பியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டு போய்ச் செம்பைக் கவ்விக்கொள்கின்றன. சுவருக்குள் பதிக்கும் பெட்டியும் வேண்டாம், உறையைச் சீவவும் வேண்டாம், ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்தது. நான் பார்த்த பிளக்கில், ஒரு கம்பி பற்களுக்கு நடுவே முழுதாக இறங்காமல் ஓரத்தில் தொத்திக்கொண்டிருந்தது. வெண்மையான பிளாஸ்டிக் அந்த இடத்தில் மட்டும் தேன்நிறமாக வெந்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. இவ்வகைப் பிளக் சட்டவிரோதமானதன்று. அமெரிக்க மின்சார விதிக்கோவை இதை இவ்வண்டிகளில் அனுமதிக்கிறது. செம்மையாகப் பொருத்தினால் சில விளக்குகளுக்கும் ஒரு தொலைக்காட்சிக்கும் போதுமானதே. ஆனால் குளிர்காலத்தில் அதிலேயே 1,500 வாட் ஹீட்டரைச் செருகுகிறார்கள். அது இழுக்கும் மின்னோட்டம் 12.5 ஆம்பியர். தளர்ந்துபோன அந்த இணைப்பில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட, கிட்டத்தட்ட 16 வாட் வெப்பம் கட்டைவிரல் நுனியளவு இடத்தில் பிறக்கிறது. ஈயப்பற்று வைக்கும் சிறிய சூட்டுக்கோலின் வெப்பம் அது. சுற்றிலும் இருப்பவையோ ஒட்டுப்பலகையும் நுரைப்பஞ்சும்.

12 வோல்ட் பக்கத்தில் தீயைக் காட்டிலும் மோசமாகத் தோன்றும் தொல்லை ஒன்று உண்டு. பேட்டரி ஒருபோதும் நிரம்புவதில்லை என்பார்கள், கடைக்காரர் புதிய பேட்டரியை விற்பார், அதுவும் நிரம்பாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். கன்வர்ட்டர் வண்டியின் நடுவிலும் பேட்டரி முன் நுனியிலும் இருக்கின்றன. போகவும் வரவுமாக 12 மீட்டர் கம்பி என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க அளவில் பத்தாம் எண் கம்பி போட்டிருந்தால், அதில் 30 ஆம்பியர் ஓட முயலும்போது ஏறக்குறைய 1.2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடுகிறது. கன்வர்ட்டர் 13.6 வோல்ட் கொடுத்தால் பேட்டரியின் வாயிலில் 12.4 மட்டுமே எஞ்சும். முழுதாக நிரம்பி ஓய்ந்திருக்கும் ஈய பேட்டரியின் அழுத்தமோ 12.6-க்கும் மேல். ஏரி நிறைய நீர் இருந்தும் வாய்க்கால் குறுகலானபடியால் கடைமடை காய்வதைப் போன்ற கதைதான் இது. இத்தகைய சந்தர்ப்பத்தில் 30 ஆம்பியர் ஓடுவதே இல்லை. சொட்டுச் சொட்டாக ஓடி, சில மணி நேரத்தில் நிரம்ப வேண்டியது விடிய விடிய நிரம்புகிறது. அதே தூரத்துக்கு அதைவிடத் தடித்த நாலாம் எண் கம்பி போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். செம்பின் விலையில் சிறிது மிச்சம் பிடிப்பதற்காக உரிமையாளரை ஆயுள் முழுதும் பேட்டரி வாங்க வைப்பதை வியாபார சாமர்த்தியம் என்று வேண்டுமானால் சொல்லலாம். நேர்மை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னும் சிலவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் அடித்த இரும்புச் சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டாமல் ஒரு திருகாணியை முடுக்கி எர்த்துக் கம்பியை மாட்டிவிடுவார்கள். மழைத்தண்ணீர் பட்டுத் துரு ஏறியதும், விளக்குகள் மங்கி, பம்பு முனகி, ஒன்றைப் போட்டால் மற்றொன்று அணைகிற விசித்திரங்கள் தொடங்கும். இரும்பில் துளையிட்டு, அத்துளைக்கு ரப்பர் வளையம் போடாமல் கம்பியை நுழைத்துவிடுவார்கள். சுவரை மூடிய பிற்பாடு அலமாரி பொருத்த வருபவன், உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாமல் நீளத் திருகாணியைக் கம்பியின் வழியாகவே இறக்கிவிடுவான். இழுவை வண்டியின் மின்சார பிரேக்குக்குச் செல்லும் கம்பி, ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்கு அச்சுக்குழாயின் உள்ளே தளர்வாகப் போடப்பட்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் குழாயின் சுவரில் உராய்ந்து, ஒருநாள் உறை தேய்ந்து ஷார்ட் ஆகும். அன்றைக்கு அந்த வண்டி மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

இவற்றையெல்லாம் பரிசோதிக்கிறவர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். மின்சார விதிக்கோவையின் 551-ஆம் பிரிவு முழுவதும் இவ்வண்டிகளுக்கென்றே எழுதப்பட்டது. ஒவ்வொரு வண்டியும் ஆலையை விட்டு வெளியேறுமுன் அதன் 120 வோல்ட் கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இடையே 900 வோல்ட்டை ஒரு நிமிஷமோ, 1,080 வோல்ட்டை ஒரு விநாடியோ செலுத்திச் சோதிக்க வேண்டும் என்று அதில் திட்டமாகக் கூறப்பட்டிருக்கிறது. மிகவும் சரியான சோதனை. ஆனால் அது கண்டுபிடிப்பது உறை கிழிந்த கம்பியை மட்டுமே. தளர்ந்த திருகாணி அந்தச் சோதனையில் தேறிவிடும். பாதி கவ்விய பல்லும் தேறிவிடும். குழாய்க்குள் இன்னும் தேயாத கம்பியும் தேறிவிடும். அசையாமல் நிற்கும் வண்டியைச் சோதித்துவிட்டு, ஓடும் வண்டிக்கு நற்சாட்சி வழங்குகிறோம்.

நற்சாட்சி வழங்குவது யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் வீடு கட்டினால், சுவரை மூடுவதற்கு முன் உள்ளூர் ஆட்சியின் இன்ஸ்பெக்டர் வந்து கம்பிகளை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அநேகமாக எல்லா ஊர்களிலும் வழக்கம். சக்கரம் பூட்டிய வீட்டுக்கோ அந்த நியமம் இல்லை. விதிகளின்படி கட்டினோம் என்று உற்பத்தியாளர் தாமே உறுதி கூறி, வாசற்கதவின் பக்கத்தில் உற்பத்தியாளர் சங்கத்தின் முத்திரையை ஒட்டிக்கொள்கிறார். சங்கத்தின் பரிசோதகர்கள் ஆலைகளுக்கு முன்னறிவிப்பின்றி வந்து பார்ப்பது உண்டு. அவர்கள் திறமைசாலிகள் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் வரிசையில் நகரும் ஒவ்வொரு வண்டியின் ஒவ்வொரு சுவரையும் அவர்கள் பார்ப்பதில்லை. பார்க்கப்படுபவர்களின் சந்தாவிலேயே பார்ப்பவர்களின் சங்கம் நடக்கிறது என்பதும் மறைக்கக்கூடிய விஷயமன்று.

தொழிலதிபர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் ஓடும் ஆர்.வி.யை ஒரு நிலநடுக்கத்துக்குள் இருக்கும் வீடாகக் கருத வேண்டும். எனவே சிற்சில இணைப்புகள் தளர்வது இயற்கை. உரிமையாளர்தாம் அவ்வப்போது பராமரித்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். முதற்பாதியை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நிலநடுக்கம் நிச்சயம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க, நிலநடுக்கமில்லாத வீட்டுக்குரிய ஒற்றை முரட்டுச் செம்புக் கம்பியையும், கம்பி நுனிகளைச் சேர்த்து முறுக்கிப் போடும் பிளாஸ்டிக் தொப்பியையும் ஏன் உபயோகிக்கிறீர்கள்? அலையில் ஆடும் படகுக்கும் இதே கதிதான். ஆனால் அந்நாட்டிலேயே அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில் என்னும் ஸ்தாபனம் படகுகளுக்கு வகுத்துள்ள பிரமாணத்தில், பல இழைகள் சேர்ந்த நெகிழ்வான கம்பியையே போட வேண்டும், முறுக்குத் தொப்பி கூடவே கூடாது என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருக்கிறது. ஒற்றைக் கம்பி குலுங்கக் குலுங்கக் கழுத்தில் ஒடியும். இழைக் கம்பி வளைந்து கொடுக்கும். படகுக்காரர்களுக்குத் தெரிந்த இந்த உண்மை தரையில் ஓடுகிறவர்களுக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை.

சரி, வாங்கியாகிவிட்டது, இனிச் செய்ய வேண்டியது என்ன? சுவரையெல்லாம் பெயர்த்துப் புதுக் கம்பி இழுக்க வேண்டும் என்று சிலர் புறப்படுகிறார்கள். அத்தனை ஆவேசம் தேவையில்லை. உயிருக்கு ஆபத்தானதை முதலிலும், சௌகரியத்தைப் பற்றியதைப் பிறகும் கவனித்தால் போதும்.

உயிருக்கு ஆபத்தானவற்றுள் தலையாயது, வண்டியின் உடம்பில் மின்சாரம் ஏறுவது. வண்டி ரப்பர் டயரின்மேல் நிற்கிறபடியால் பூமியோடு அதற்குச் சம்பந்தமில்லை. வெளியிலிருந்து வரும் கேபிளின் எர்த்துக் கம்பி ஒன்றே அதற்குக் காவல். அது எங்காவது அறுந்தோ தளர்ந்தோ இருந்து, உள்ளே எங்காவது மின்கசிவும் இருந்தால், அலுமினியத் தகடு போர்த்த வண்டி முழுதும் 120 வோல்ட் தாங்கி நிற்கும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவின் கைப்பிடியைத் தொடும் குழந்தைக்கு அதை யாரும் எச்சரிப்பதில்லை. இதற்குப் பரிகாரமாகத் தரையில் ஓர் இரும்புக் கோலை அடித்து வண்டியோடு கட்டுகிறார்கள். இது வீண் நம்பிக்கை. மண்ணின் தடை 25 ஓம் என்றாலும் அதன் வழியே 4.8 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் பிரேக்கர் அதைக் கண்டு அசையாது. கேபிளையும் பிளக்கையும் சோதித்து எர்த்துத் தொடர்ச்சியை உறுதி செய்வது ஒன்றே வழி. கூடவே, வண்டியின் மின்பலகையில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனியே இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அவை வீட்டின் பிரதான பலகையில் சேர்ந்திருக்க வேண்டும், வண்டியில் பிரிந்திருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுப் பழக்கத்தில் கை தவறி அங்கே சேர்த்துவிட்டால், திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியாகவே நடமாடத் தொடங்கும்.

இதில் உரிமையாளர்கள் தாமே தேடிக்கொள்ளும் வினையும் ஒன்று உண்டு. சிறிய வண்டிகளுக்குரிய மூன்று முனைப் பிளக் 30 ஆம்பியர், 120 வோல்ட். துணி உலர்த்தும் யந்திரத்துக்காக அமெரிக்க வீடுகளில் இருக்கும் 30 ஆம்பியர் பிளக்கோ 240 வோல்ட். வீட்டு வாசலில் வண்டிக்கு ஒரு பிளக் வேண்டும் என்று சொன்னதும், வந்த எலெக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தால் 240-ஐக் கொடுத்துவிட, மைக்ரோவேவும் கன்வர்ட்டரும் ஒரே நொடியில் எரிந்துபோன கதைகள் ஏராளம். வண்டியைச் செருகுமுன் மீட்டரை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்தது திருகாணிகள். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு, மின்பலகையிலும் கன்வர்ட்டரிலும் பேட்டரி முனையிலும் இருக்கும் ஒவ்வொரு திருகாணியையும், அதற்கென்று குறித்த முறுக்களவு காட்டும் கருவியால் இறுக்க வேண்டும். கைமதிப்பு போதாது என்றுதான் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் விதிக்கோவையே இக்கருவியைக் கட்டாயமாக்கியது. பிறகு, ஹீட்டர் போன்று மிகுந்த மின்சாரம் இழுக்கும் சாமான்களைச் செருகும் பிளக்குகளை மட்டுமாவது, பெட்டி வைத்துத் திருகாணி பூட்டிய சாதாரணப் பிளக்காக மாற்றிவிட வேண்டும். சுவரின் உட்கனம் ஒன்றரை அங்குலமே இருக்கும் என்பதால் ஆழம் குறைந்த பெட்டியாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். சட்டத்தில் மாட்டிய எர்த்து இணைப்புகளைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, முனையில் வளையம் அழுத்திய கம்பியை நட்டு போல்ட்டால் இறுக்கி, மேலே பெயிண்ட் பூசினால் பாதி விசித்திரங்கள் அன்றே நின்றுபோகும். பிரேக் கம்பியை அச்சுக்குழாயிலிருந்து விடுவித்து, வெளியே வரிக்குழாய்க்குள் போட்டு அச்சோடு கட்டுவது ஒருநாள் வேலை. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். அதற்கு அப்பால் உறை கிழிந்தால் மட்டுமே அந்த ஃபியூஸ் காப்பாற்றும். இவற்றுள் 12 வோல்ட் வேலையைப் பொறுமையுள்ள எவரும் செய்யலாம். 120 வோல்ட்டில் அனுபவமில்லாதவர்கள் கை வைக்காமல், நியூட்ரல் விஷயத்தை அறிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே உத்தமம்.

இவ்வளவும் புது வண்டியை வாங்கியவன் தலையில் ஏன் விழ வேண்டும்? பெரும்பாலான வண்டிகளுக்கு உத்தரவாதம் ஓராண்டு. பழுது பார்க்க விட்டால், கோடைக்காலம் முழுதும் விற்பனைக் கடையின் முற்றத்திலேயே நின்றுவிடுவது சர்வ சாதாரணம். திரும்பத் திரும்பப் பழுதாகும் மோட்டார் வாகனத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது, இந்தியானாவிலும் இருக்கிறது. ஆனால் நாட்டுக்கெல்லாம் இவ்வண்டிகளைச் செய்து அனுப்பும் அந்த மாநிலத்தின் சட்டம், தாமே ஓடும் ‘மோட்டார் ஹோம்’ என்னும் வண்டிகளைப் பெயர் சொல்லியே விலக்கிவைத்திருக்கிறது. இழுக்கப்படும் வண்டிகளோ, தானே ஓடும் வாகனம் என்ற இலக்கணத்துக்குள் வராததால் தாமாகவே விலகிவிடுகின்றன. எஞ்சியிருப்பது 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் உத்தரவாதச் சட்டம் என்னும் மத்தியச் சட்டம். அதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டு வாசலேறும் பொறுமையும் பணமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இந்த விலக்கை நீக்குவது முதல் சீர்திருத்தம். படகுக்குரிய இழைக் கம்பியை வண்டிக்கும் விதிப்பது இரண்டாவது. மூன்றாவது மிகவும் எளியது: அந்தந்த வண்டிக்குள் உண்மையாகவே எந்தக் கம்பி எந்த வழியே ஓடுகிறது என்று காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு வண்டியோடும் கொடுக்க வேண்டும். சுவரை மூடுமுன் ஒரு புகைப்படம் எடுத்துச் சேர்த்தாலும் போதும். இன்று அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. பழுது பார்க்க வருகிறவர் குருட்டுத்தனமாகச் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்.

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களிலும், விடுமுறைக்கு யெல்லோஸ்டோன் போன்ற வனங்களுக்குக் குடும்பத்தோடு இவ்வண்டியில் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து போகும் பெற்றோரையும் ஏற்றிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கப் போகும் வண்டியின் மெத்தையையும் திரைச்சீலையையும் பார்ப்பதற்கு முன், மின்பலகையின் மூடியைத் திறந்து காட்டும்படியும், ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டும்படியும், கம்பி வரைபடத்தைத் தரும்படியும் கடைக்காரரைக் கேளுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.